கீழே குடித்தனம், மேலே கட்டுமானம்: வீட்டில் இருந்துகொண்டே மாடி அறை கட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. 2009-ல் கட்டிய 600 சதுர அடித் தரைத்தளம்: ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை. அத்தை (என் மாமியார்) எங்களோடு வந்து தங்கிய பிறகு ஐந்து பேருக்கு ஒரே படுக்கையறை என்றானது. பெரியவள் அப்போது பத்தாம் வகுப்பு, சின்னவன் நாலாம் வகுப்பு. மொத்தமாகக் காண்ட்ராக்ட் விடும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் என் அண்ணன் கொத்தனார், வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன், நான் வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். நாமே கட்டிவிடலாம் என்று தை மாதம் செங்கல் இறக்கினோம். ஆவணியில் பால் காய்ச்சினோம். இடைப்பட்ட மாதங்கள் முழுக்கக் கீழேதான் குடியிருந்தோம். இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நாமே கட்டுவது என்றால் வீட்டு ஆட்கள் எதையெல்லாம் செய்யலாம்?

கொத்து வேலை, கம்பி கட்டுவது, சென்ட்ரிங் (கான்கிரீட் கொட்டுவதற்குப் பலகையும் முட்டும்) அடிப்பது, இந்த மூன்றையும் பார்த்துப் பழகிச் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது தொழில். எங்கள் வீட்டில் அண்ணன் கொத்தனாராக இருந்தும், கம்பிக்கும் சென்ட்ரிங்குக்கும் தனி ஆட்களைத்தான் அழைத்தார்.

நாம் செய்யக்கூடியது சுமப்பது, நனைப்பது, எண்ணுவது, அளப்பது, சலிப்பது, பெயிண்ட் அடிப்பது. கேட்கச் சின்ன வேலைகளாகத் தெரியும். ஆனால் தரம் கெடுவதும் பணம் கசிவதும் பெரும்பாலும் இந்த இடங்களில்தான். செங்கல் மட்டும் சுமார் 5,000 மேலே போனது. ஒரு கல் ஏறக்குறைய 3 கிலோ என்றால் மொத்தம் 15 டன். ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றி ஏற்றினோம். மேலே போனதும் தொட்டியில் ஊறவைத்துத்தான் அண்ணனிடம் கொடுத்தோம். காய்ந்த கல் கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது.

கம்பி வந்தால் எடை போடுங்கள். மி.மீ. கணக்கில் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பிக்கு 0.395 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பிக்கு 4.74 கிலோ. 10 மி.மீ. என்றால் சுமார் 7.4 கிலோ. பெரியவள் இதைத் தன் கணக்கு நோட்டில் எழுதி வைத்துச் சரிபார்த்தாள். எம்-சாண்ட் லாரி வந்தால் சின்னவன் டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பான். நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம், மூன்றையும் அடியில் பெருக்கி 100-ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். பிள்ளைகள் அளக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எங்களுக்கு ஒரு லோடுகூடக் குறைந்து வரவில்லை.

அண்ணனே கொத்தனார் என்றால் இன்ஜினியர் எதற்கு?

கீழ்வீடு மேல்வீட்டைத் தாங்குமா என்று சொல்வதற்கு. மேஸ்திரிகள் பலர் "தாங்கும்மா, பயப்படாதே" என்றார்கள். என் அண்ணன் மட்டும் "எனக்குத் தெரியாது, ஆளைக் கூப்பிடு" என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரிடம் நம்பிக்கை கூடியது. இன்ஜினியர் வந்து அஸ்திவாரத்தின் ஓரத்தில் ஒரு இடத்தில் தோண்டிப் பார்த்தார். மொட்டைமாடியில் பின்னால் கட்டுவதற்கென்று விட்டிருந்த கம்பிகளைச் சுரண்டி, துரு எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்று பார்த்தார். மேல் சுவர்கள் கீழ்ச் சுவர்களுக்கு நேர் மேலே வரும்படி வரைபடத்தை மாற்றினார். நாங்கள் நினைத்திருந்த இடத்தில் கட்டியிருந்தால் ஒரு 9 அங்குலச் சுவர், கீழே தாங்கச் சுவர் இல்லாமல், ஹாலின் மேல்தளத்து நடுவில் உட்கார்ந்திருக்கும்.

அனுமதியும் வாங்குங்கள். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது நடைமுறையில் உள்ளன. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 2024 ஜூலையில், நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்று முறை வந்தது. உங்கள் மாடி வேலை அதில் வருமா என்று ஊராட்சியிலோ நகராட்சியிலோ முதலில் கேட்டுவிடுங்கள். கட்டி முடித்ததும் சொத்துவரி மாறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எந்த மாதம் தொடங்குவது நல்லது?

அத்தை வாஸ்து நாள் பார்த்தார். தை 12 கிடைத்தது. (ஆடியில் எதுவும் தொடங்கக் கூடாது என்பவர்களுக்கு ஒன்று: வாஸ்து புருஷன் கண் விழிக்கும் எட்டு நாட்களில் ஆடி 11-ம் உண்டு.) வானிலைக் கணக்கில் எங்கள் பக்கம் தை நல்ல மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், அடுத்த ஐப்பசிக்குள் தளம் முடிந்துவிடும்.

ஆனால் நாங்கள் ஒன்றை யோசிக்கத் தவறினோம். பெரியவளுக்கு அந்த ஆண்டு பொதுத்தேர்வு. காலை எட்டு மணிக்கு, மொட்டைமாடியில் பதித்திருந்த தட்டோட்டை (தட்டையான ஓடுகளை) உடைக்கும் சத்தம் தொடங்கினால் ஐந்து மணிவரை ஓயாது. கடைசி ஆறு வாரம் அவள் அண்ணி வீட்டில் தங்கிப் படித்தாள். நன்றாகத்தான் எழுதினாள். இருந்தாலும் அந்த நேரத்தில் பிள்ளை நம் கண்முன்னே இல்லையே என்று எனக்கு ஆறவில்லை. வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை இருந்தால், தேர்வு முடிந்த மறுநாள் தொடங்குங்கள். நாளும் நட்சத்திரமும் அதன் பிறகு.

வேறு வீட்டுக்கு வாடகைக்குப் போய்விடுவது மேல் இல்லையா?

கையில் பணம் இருந்தால் மேல்தான். எங்களுக்கு வாடகைப் பணம் சிமெண்டுக்குத் தேவைப்பட்டது. அதோடு, ஆள் இல்லாத வீட்டில் புதுச் சுவருக்கும் தளத்துக்கும் யார் தண்ணீர் ஊற்றுவது?

தங்குவது என்று முடிவானால் ஓர் அறையையாவது கட்டுமானத்துக்கு விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் படுக்கையறையைக் காப்பாற்றினோம். சிமெண்ட் மூட்டை, பெயிண்ட் டப்பா, ஆணி எதுவும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. வேலைச் செருப்போடு யாரும் உள்ளே போகக் கூடாது. அத்தையின் கட்டில், பிள்ளைகளின் புத்தகம், சாமி படம், எல்லாம் அங்கே. மற்ற இடங்கள் எப்படிக் கிடந்தாலும் ராத்திரி அங்கே போய் விளக்கைப் போட்டால் வீடு வீடாக இருந்தது.

தூசியை எப்படிச் சமாளித்தீர்கள்? வீட்டில் வீசிங் உள்ள பெரியவர் இருக்கிறார்.

எங்கள் அத்தைக்கும் உண்டு. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்துங்கள். தண்ணீர் தெளித்த பிறகே பெருக்க வேண்டும். படிக்கட்டு வாசலில் ஈரச் சாக்கு ஒன்று கால் துடைக்க, பழைய போர்வை ஒன்று நனைத்துத் திரையாகத் தொங்கவிட. உடைக்கும் நாளிலும் டைல்ஸ் அறுக்கும் நாளிலும் அத்தையைக் காலையிலேயே அண்ணி வீட்டில் விட்டுவிடுவோம். சமையலைப் பத்து மணிக்குள் முடித்து, மூடி போட்ட பாத்திரங்களில் வைத்துவிடுவேன்.

பிள்ளைகளுக்கு என்ன ஆபத்து?

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை இடித்த நாளிலிருந்து விளிம்பு திறந்து கிடக்கும். அதுதான் முதல் ஆபத்து. பிள்ளைகளுக்குப் பழகிய மாடி, விளையாடிய மாடி, ஓடிப் போய்விடுவார்கள். இடிப்பதற்கு முன்பே படிக்கட்டின் அடியில் கதவு வைத்துப் பூட்டினோம். சாவி என் சேலை முந்தானையில். சின்னவன் மேலே வரும்போது பெரியவர் ஒருவர் கூட வருவார்.

நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பி முனைகள் சரியாக ஒரு குழந்தையின் கண் உயரத்தில் இருக்கும். நாங்கள் கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்துக் கட்டினோம். ஊறவைக்கும் தொட்டி, திறந்த சம்ப், இரண்டுக்கும் கனமான மூடி. மின்கம்பி வீட்டுக்குப் பக்கத்தில் போனால் மாடி எழும்பும்போது அது கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். வேலையைத் தொடங்கும் முன்பே மின்வாரியத்தில் மனு கொடுங்கள்.

ஈரச் சிமெண்டும் தோலை அரிக்கும். கான்கிரீட் நாளில் நான் வெறுங்காலோடு நின்றிருந்தேன். மாலையில் விரல் இடுக்குகள் வெந்து சிவந்துவிட்டன, ஒரு வாரம் செருப்புப் போட முடியவில்லை. ரப்பர் பூட்ஸ் போடுங்கள். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஹாலுக்குள் முட்டு நிற்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

எங்களுக்கும் அது எதிர்பாராததுதான். மேல் அறையின் கூரைத் தளம் 5 அங்குல கனத்தில் ஏறக்குறைய 200 சதுர அடி. அந்தக் கான்கிரீட்டின் எடை சுமார் 6 டன். அது இறுகித் தன்னைத் தானே தாங்கும்வரை, சென்ட்ரிங் முட்டுகள் வழியாக அந்தப் பாரம் பழைய மொட்டைமாடியில்தான் இறங்கும். அதனால் கீழே ஹாலிலும் முட்டு கொடுக்கச் சொன்னார் இன்ஜினியர். 20 நாள் ஹாலுக்குள் ஆறு இரும்பு முட்டுகள். டிவி, தையல் மெஷின், சாப்பிடும் இடம் எல்லாம் அவற்றுக்கு நடுவே. அதில் துணி காயப் போடக் கூடாது, சாயக் கூடாது, குலுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டோம். அத்தை முதல் நாளே ஆறிலும் திருநீறு பூசிப் பொட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சின்னவன் அவற்றைத் தொடக்கூட இல்லை.

சுவருக்குச் சுவர் சுமார் 15 அடி வரையிலான தளத்துக்கு முட்டுகளை 7 நாளில் பிரிக்கலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது. அண்ணன் 14 நாள் கழித்துத்தான் பிரித்தார். வீட்டில் எல்லோரும் அவசரப்பட்டோம், அவர் அசையவில்லை.

கான்கிரீட் நாளில் வீட்டுப் பெண்களுக்கு என்ன வேலை?

சமைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பதினைந்து பேருக்கு டீ, வடை, மதியச் சாப்பாடு எல்லாம் கடையில் சொல்லிவிட்டு மேலே போய் நில்லுங்கள். தளத்துக்குப் போட்ட எம்20 ரகக் கலவை 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி). ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் போனால் கேளுங்கள். வெயில் ஏற ஏற, கலவை இளகலாக இருந்தால் வேலை சுலபம் என்று தண்ணீரைக் கூட்டுவார்கள். நான் குடத்தோடு மிக்சர் பக்கத்திலேயே நின்றேன், கணக்கு என் கையில் இருந்தது. 19 மூட்டை போனது. சாயங்காலம் எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம்.

தண்ணீர் ஊற்றுவது அவ்வளவு முக்கியமா? எத்தனை நாள்?

வீட்டு ஆட்கள் செய்யும் வேலைகளில் இதற்குத்தான் முதலிடம். காசு கொடுத்து வாங்கிய சிமெண்டுக்கு வலு வருவது நாம் ஊற்றும் தண்ணீரால்தான். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து வேதிமாற்றம் அடைந்து இறுகுகிறது. நடுவில் ஈரம் போய்விட்டால் அந்த மாற்றம் அப்படியே நின்றுவிடும். சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு 10 நாள். எங்கள் தளம் சித்திரை வெயிலில் போட்டது, அதனால் 14 நாள் என்று வைத்துக்கொண்டோம்.

கலவையால் சின்னச் சின்ன பாத்தி கட்டி 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தினோம். முதல் தடவை நிரப்பவே 900 லிட்டருக்கு மேல் ஆனது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை. ஆகையால் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கும், நல்ல தண்ணீரைத் தளத்துக்கும் பிரித்தோம். இரண்டு தடவை டேங்கர் வாங்கினோம்.

முறை இப்படி: காலை ஆறு மணிக்கு வீட்டுக்காரர், மதியம் நான், சாயங்காலம் சின்னவனும் நானும், இரவு ஒன்பது மணிக்குப் பெரியவள். முழங்கால் வலியால் அத்தையால் மேலே ஏற முடியாது. அவர் நாள்காட்டியில் தினமும் கிழிக்கும் தாளை வீசாமல், அதன் பின்பக்கத்தில் யார் எத்தனை மணிக்கு ஊற்றினார்கள் என்று எழுதி வைத்தார். மதியம் தையல் அவசரத்தில் நான் மறந்தால் கீழிருந்து குரல் வரும். அந்த 14 தாள்களும் இன்னும் பீரோவில் இருக்கின்றன. சுவர், பூச்சு, கைப்பிடிச் சுவர், எல்லாவற்றுக்கும் இதே முறைதான். வேலையாட்கள் போன பிறகு நாங்கள் ஐந்து பேரும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த வேலை இது. எனக்கு அந்த வருடத்தில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

தேங்கிய தண்ணீரில் கொசு வராதா?

வரும். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு பாத்தியாக உடைத்து வடித்து, துடைப்பத்தால் தேய்த்து, உடனே திரும்ப நிரப்புங்கள்.

நடுவில் மழை வந்தால்?

எங்களுக்கு வந்தது. மேல் சுவர் எழுப்பும் இடங்களில் பழைய தட்டோட்டையும் அதன் அடியில் இருந்த சுண்ணாம்பு ஜல்லியையும் கொத்தி எடுத்திருந்தோம். பங்குனியில் ஒரு ராத்திரி கோடை மழை கொட்டியது. கொத்திய இடம் வழியாக இறங்கிய தண்ணீர் ஹால் சுவரில் வழிந்து, தைக்க வந்திருந்த துணிகளை நனைத்துவிட்டது. இரண்டு ரவிக்கைத் துணிகளில் சாயம் இறங்கிவிட்டது. விலையைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். தட்டோட்டில் முதல் உளி படும் நாளுக்கு முன் தார்ப்பாய் வாங்கி வையுங்கள். சிமெண்ட் மூட்டைக்கு ஒன்று போதாது, தளத்துக்கும் தனியாக வேண்டும்.

சொந்த அண்ணன், தம்பியிடம் வேலை வாங்குவது சரிவருமா? கூலி கொடுக்கலாமா?

கொடுத்தே ஆக வேண்டும். அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் அவர் எங்கள் வீட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் கிடைக்கும் சம்பளம் போகிறது, அண்ணி அதில்தான் குடும்பம் நடத்துகிறார். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் மற்ற ஆட்களுக்குக் கொடுப்பதற்கு முன், அதே கணக்கில் அண்ணியின் கையில் கொடுத்துவிடுவேன். அதன் பிறகு யாருக்கும் மனதில் எதுவும் இல்லை.

குறை சொல்வது அதைவிடக் கடினம். குளியலறைச் சுவர் ஒன்று சாய்ந்திருப்பதாக என் வீட்டுக்காரருக்குத் தோன்றியது. சித்தாள்கள் முன்னால் சொல்லாதீர்கள் என்று தடுத்தேன். எல்லோரும் போன பிறகு, "மச்சான், ஒரு தடவை குண்டு விட்டுப் பார்ப்போமா" என்று மட்டும் கேட்டார். அண்ணன் தூக்குக்குண்டு விட்டார். அரை அங்குலம் சாய்ந்திருந்தது. ஒன்றும் பேசாமல் ஐந்து வரியைத் தானே பிரித்துவிட்டு, மறுநாள் காலை எங்களுக்கு முன்பே வந்து திரும்பக் கட்டினார்.

கணவன் மனைவிக்குள் பணத் தகராறு வந்ததா?

வந்தது. நினைத்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவானது, என் சங்கிலி அடகுக்குப் போனது. எங்கள் சண்டைக்குப் பெரும்பாலும் காரணம் தொகை இல்லை, கேட்காமல் முடிவெடுப்பது. ஒரு நாள் மாடியில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே பால்கனி ஒன்று நீட்டலாம் என்று அவரும் கம்பி கட்டுபவரும் முடிவு செய்துவிட்டார்கள். இன்ஜினியர் பழைய கட்டடத்துக்கு அது ஆகாது என்று நிறுத்தினார், இல்லையென்றால் அதற்கும் கடன்தான். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு: வரைபடத்தில் இல்லாத எதுவாக இருந்தாலும் நோட்டில் எழுதி, ஒரு ராத்திரி கடந்த பிறகே சரி என்பது. நிறையச் செலவுகள் அந்த நோட்டிலேயே நின்றுவிட்டன. நான் கேட்ட கிரானைட் ஜன்னல் திண்டும் அதில் ஒன்று.

பக்கத்து வீட்டாரோடு?

தொடங்கும் முன் போய்ச் சொல்லிவிடுங்கள். தெருவில் கொட்டிய ஜல்லியை அன்றே ஓரம் கட்டுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது தூங்கும் நேரத்தைக் கேட்டு, அந்நேரம் டிரில்லிங்கை நிறுத்தினோம்.

மேல் குளியலறையை எங்கே வைப்பது?

கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே. குழாய் நேராக இறங்கும், கசிந்தாலும் படுக்கையில் சொட்டாது. டைல்ஸ் ஒட்டும் முன் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திக் கீழே கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது குடிபோகலாம்?

கைப்பிடிச் சுவர் முடியாமல் பிள்ளைகளை மேலே படுக்க விடாதீர்கள். பூச்சு காய ஒரு மாதமாவது விட்டுப் பெயிண்ட் அடியுங்கள், இல்லாவிட்டால் உரிந்துவரும். முதல் கோடையில் மேல் அறை கொதிக்கும். தளத்தின் மேல் தட்டோடு பதிக்க உடனே முடியாவிட்டால் வெள்ளைப் பூச்சாவது அடித்துவிடுங்கள்.

பால் காய்ச்சிய அன்று அத்தை மேலே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வர கால் மணி நேரம் ஆனது. அந்த அறையை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நடுவில் பாயில் உட்கார்ந்து பால் குடித்தார், விட்டத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். அப்புறம் வெளியே திரும்பி, முந்தாநாள் பூசிய கைப்பிடிச் சுவரைக் காட்டி, "காலையில தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்டார். சின்னவன் வாளியை எடுத்துக்கொண்டு போனான்.